புது லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

"எந்த லினக்ஸ் நல்லது?" என்று கேட்பவரிடம், "உங்கள் லேப்டாப் எந்த வருஷத்தது?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் என்று டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் தொகுப்பின்) பெயர் எதுவானாலும் உள்ளே ஓடுவது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய கர்னல் என்ற மையப் பகுதிதான். வைஃபை, ஒலி, டச்பேட் போன்றவற்றை இயக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எனவே போன மாதம் கடைக்கு வந்த வைஃபை சிப்பை, இரண்டு வருஷப் பழைய கர்னலுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய கர்னல் வருகிறது. அதை எவ்வளவு சீக்கிரம் நம்மிடம் சேர்க்கிறார்கள் என்பதில்தான் டிஸ்ட்ரோக்கள் வேறுபடுகின்றன.

1993-இல் தொடங்கிய டெபியனுக்கு அவசரமே கிடையாது. ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு பதிப்பு. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத்திருத்தங்களும் மட்டும் வரும். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12, கர்னல் 6.1 வரிசையை விட்டு நகரவில்லை. நேற்று ஓடியது இன்றும் அப்படியே ஓட வேண்டிய சர்வருக்கு இதுதான் தேவை.

டெபியனிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. பல வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் மட்டும் போதாது. தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர் கோப்பும் சிப்பில் ஏற வேண்டும். அதன் மூலநிரல் திறந்ததல்ல என்பதால், டெபியன் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் அதைச் சேர்க்காமல் இருந்தது. வைஃபை வேலைசெய்ய ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும்! 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். கொள்கைக்காரர்கள் சிலருக்கு வருத்தம்தான். ஆனால் சரியான முடிவு.

ஃபெடோராவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, இடையிலேயே புதிய கர்னல்களும் வரும். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு சுமார் 13 மாதம்தான். ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை. எல்லாம் வரவர ஏறும், ஏதாவது முரண்டு பிடித்தால் நாமே சரிசெய்ய வேண்டும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ் கெட்டிக்காரத்தனமான நடுவழி: ஐந்து வருஷ ஆதரவு, மற்ற மென்பொருளை அதிகம் தொடாமல் கர்னலை மட்டும் அவ்வப்போது புதுப்பிக்கும் வசதி.

நாலைந்து வருஷப் பழைய கணினிக்கு டெபியன் போடுங்கள். இந்த வருஷம் வாங்கியதென்றால் ஃபெடோரா. எதுவானாலும் நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் ஒலியும் வருகின்றனவா, மூடித் திறந்தால் திரை எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.