குறிஞ்சியில் ஒரு பாலை: நாயின் அடியும் தார்ச்சாலையும்

ஐந்திணைகளுள் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் கதிரவனின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்பதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை உணர்த்துகின்றது. பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல் என்பர் இலக்கண நூலார். ஒரே நிலம் ஒரு பொழுதில் தண்ணென்றும் மற்றொரு பொழுதில் கொதித்தும் இருக்கலாம் என்பது இதனால் பெறப்படும். இவ்வுண்மையை மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கேமரன் மலையின் தார்ச்சாலை ஒன்றே போதும். அச்சாலையின் சூட்டைச் செருப்பணிந்து நடப்பவர் உணர்வதில்லை. அவர் பின்னே வரும் நாய் உணர்கின்றது.

தண்மலையும் சுடும் சாலையும்

லெம்பா பெர்த்தாம் பகாங் மாநிலத்தில், ரிங்லெட் ஊருக்குக் கீழே அமைந்த பள்ளத்தாக்கு. ‘லெம்பா’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்பது பொருள். ‘பெர்த்தாம்’ என்பது முள்ளடர்ந்த காட்டுப் பனை வகை ஒன்றின் பெயர். அங்கு ஓடும் ஆற்றுக்கும் அதுவே பெயர். இம்மலைப்பகுதியில் 1929 இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931 இல் நிறைவுற்றது. 1933 இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காடழித்துக் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்தன. காட்டுப்பன்றியை விரட்டவும் இரவில் காவல் காக்கவும் அக்குடும்பங்களுக்குத் துணையாயிருந்தது நாய்.

பழைய தோட்டத்து நாய் பெரும்பாலும் செம்மண் தடத்திலும் தேயிலைச் செடிகளின் நிழலிலும் திரிந்தது. இன்றோ தார்ச்சாலையும் சிமெண்டுக் களமும் பெருகிவிட்டன. ஆகவே நாயின் அடிக்கு வந்த இடரும் புதியது.

‘குளிர்மலையில் தரை சுடுமா?’ என்ற ஐயம் எழலாம். பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 1998 ஏப்பிரல் 9 ஆம் நாள் வெப்பம் 40.1 பாகை செல்சியசை எட்டியது. மலேசியாவில் பதிவான வெப்ப அளவுகளுள் அதுவே மிகப் பெரியது எனப் பேசப்படுவது. கேமரன் மலையில் அத்தகைய வெப்பம் இல்லை. தானா ராத்தாவில் நண்பகலிலும் காற்றின் வெப்பம் பெரும்பாலும் 25 பாகையைத் தாண்டுவதில்லை. தாழ்ந்த பள்ளத்தாக்கில் சற்றே கூடும். ஆயினும் இவ்வளவுகள் அனைத்தும் நிழலில் வைத்த கருவி காட்டும் காற்றின் வெப்பமே. தரையின் வெப்பம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பலர் செய்யும் பிழை.

கரிய பொருள் தன்மீது விழும் கதிரொளியில் பெரும்பகுதியை உட்கொள்ளும். தார்ச்சாலை அவ்வியல்பினது. புல்தரை, தான் பெற்ற வெப்பத்தில் ஒரு பகுதியை நீராவியாக்கிக் குளிர்ந்துகொள்ளும். தாருக்கு அவ்வழி இல்லை. எனவே காற்று 25 பாகையாக இருக்கும்போதே, காற்றசையாத தெளிந்த வெயிலில் தாரின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டக்கூடும்.

கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ நான்கரைப் பாகையில் உள்ளது. ஏப்பிரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் உச்சிப்பொழுதில் கதிரவன் ஏறக்குறைய தலைக்கு நேராக நிற்கும். பிற மாதங்களிலும் அது பெரிதும் சாய்வதில்லை. தமிழ்நாட்டில் உள்ளதுபோல் கோடை மாதம் அங்கு இல்லை. கோடை வேளை உண்டு. முகில் விலகிய எந்த நண்பகலும் தார்ச்சாலைக்குச் சித்திரையே.

அடியின் அமைப்பு

நாயின் ஒவ்வோர் அடியிலும் விரல்களுக்குக் கீழே நான்கு சிறு மெத்தைகளும் நடுவில் ஒரு பெரிய மெத்தையும் உள்ளன. தடித்த தோலும் அதன்கீழ்க் கொழுப்பும் சேர்ந்து இம்மெத்தையாகின்றன. கல்லையும் முள்ளையும் தாங்க இது போதும். பனியையும் ஓரளவு தாங்கும். அடியிலிருந்து குளிர்ந்து மேலேறும் குருதியை, அருகே கீழிறங்கும் சூடான குருதி வெப்பமூட்டுகின்றது என்பதை 2011 இல் சப்பானிய அறிஞர்கள் விளக்கினர். இவ்வமைப்பு உடலின் சூடு வெளியே போகாமல் காப்பது. வெளிச்சூடு உள்ளே வராமல் தடுக்க உதவாது.

நாய்க்கு வியர்வை பெரும்பாலும் அடியில் மட்டுமே சுரக்கும். உடற்சூட்டைத் தணிக்க அது நாவை நீட்டி இளைக்கின்றது. அதன் வயிறும் மார்பும் தரைக்கு அருகில் இருப்பதால், சாலையிலிருந்து எழும் வெப்பம் உடலையும் தாக்கும். ஆகவே சுடுசாலையில் நடக்கும் நாய்க்கு அடி புண்ணாவதோடு வெப்ப மயக்கமும் நேரலாம்.

தோல் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இருவர் 1947 இல் வெளியிட்ட ஆய்வு புலப்படுத்தியது. 44 பாகைச் சூட்டில் தோல் வெந்துபோக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். 60 பாகையில் ஐந்து நொடியே போதும். அவர்கள் ஆய்ந்தவை மனிதத் தோலும் பன்றித் தோலுமே. நாயின் மெத்தை அவற்றினும் தடித்தது. எனவே கணக்கு முற்றும் ஒன்றாகாது. எனினும், சூடு சிறிது ஏறினாலும் தாங்கும் நேரம் பெரிதும் சுருங்கும் என்னும் விதி பொது. நாய்க்குட்டியைக் ‘குருளை’ என்று தொல்காப்பிய மரபியல் சுட்டும். குருளையின் மெத்தை இன்னும் மெல்லியது. அதற்கு இடரும் மிகுதி.

கட்டிய நாயும் கட்டாத நாயும்

கட்டின்றித் திரியும் நாய் சூட்டை உணர்ந்ததும் புல்லோரம் ஒதுங்கும். லோரியின் அடியிலோ கொட்டகை நிழலிலோ படுத்துக்கொள்ளும். சங்கிலி பூட்டிய நாய்க்கு அவ்வுரிமை இல்லை. இழுத்த வழியில் அது வர வேண்டும். உடையவர்மேல் கொண்ட பற்றினால், அடி சுட்டாலும் பின்தொடரும் நாய்களும் உண்டு. வாசலில் சிமெண்டுத் தரையில் கட்டப்பட்ட நாயின் நிலையும் இத்தகையதே. காலையில் நிழலாயிருந்த இடம் நண்பகலில் வெயிலாகும். நிழல் நகரும், சங்கிலி நகராது.

எனவே சங்கிலியைப் பிடிக்கும் கையே முதலில் தரையைத் தொட்டறிய வேண்டும். புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. கை தாங்காத தரையை நாயின் காலும் தாங்காது. உலாவுக்கு ஏற்ற வேளை காலை. அல்லது சாலை ஆறிய பின் மாலை. கதிரவன் மறைந்த பின்னும் தார் சிறிது நேரம் சூட்டை வைத்திருக்கும். ஆதலின் மாலையிலும் தொட்டுப் பார்த்தல் நன்று. பகலில் செல்ல நேர்ந்தால் புல்லோரமும் மண்தடமும் உதவும். கட்டி வைக்கும் இடத்தில் நாள் முழுதும் நிழலும் நீரும் இருத்தல் வேண்டும். நாய்க்கென விற்கும் காலுறைகள் பயன்படும். ஆயினும் பழக்காமல் திடீரென மாட்டினால் நாய் நடக்க மறுக்கும்.

நொண்டுதல், நடக்க மறுத்தல், அடியை ஓயாது நக்குதல், மெத்தை நிறம் மாறுதல், கொப்புளம் எழுதல், தோல் உரிதல் ஆகியவை அடி வெந்ததன் அறிகுறிகள். உடனே நாயைத் தூக்கி நிழலுக்குக் கொண்டுசென்று, குளிர்ந்த நீரை அடிமேல் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். பனிக்கட்டி வைத்தலாகாது. எண்ணெய், மஞ்சள், பற்பசை பூசுவதும் தவறு. தூய துணியால் தளர்வாகச் சுற்றி, நக்காதவாறு காத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மலேசியாவில் 2015 இல் இயற்றப்பெற்ற விலங்கு நலச் சட்டம், விலங்கை வைத்திருப்பவர் அதனை வலி, துன்பம், காயம், நோய் ஆகியவற்றினின்று காக்கக் கடமைப்பட்டவர் என்கின்றது. சட்டம் சொல்வதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டிய கடமை அது. ‘நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை’ என்று பழமொழி நகையாடும். ஆனால் சுடுதரையில் கால் மாற்றி மாற்றித் துள்ளும் நாய், நேரமின்மையால் அவ்வாறு துள்ளுவதில்லை. குறிஞ்சி நிலத்து நண்பகலில் அதன் காலடிக்கு வந்து சேர்ந்தது ஒரு பாலை. அதனைக் கடக்கச் செய்வதும் தவிர்க்கச் செய்வதும் சங்கிலியின் மறுமுனையில் இருப்பவர் கையில் உள்ளன.