வேகத்தைத் தடுத்தது யார்?

விஞ்ஞானம் விரைவைத் தரும் என்கிறோம். அதே விஞ்ஞானம் சில வேளைகளில் வேண்டுமென்றே விரைவைத் தடுப்பதும் உண்டு. என் அனுபவத்தையே சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். வீட்டிலிருந்த பழைய வைஃபை ரௌட்டர் பழுதானதும், என் படிப்புக்காக என் தந்தையார் தறிக் கூலியில் மிச்சம் பிடித்துப் புதியதொன்று வாங்கித் தந்தார். பெட்டியின் மேல் '300 மெகாபிட்' என்று அச்சிட்டிருந்தது. ஆனால் மடிக்கணினித் திரை காட்டிய இணைப்பு வேகமோ வெறும் 54! "ஏமாந்துட்டோமாப்பா?" என்றார் அப்பா. நான் நேரே சென்று கடைக்காரரிடம் கடிந்து பேசிவிட்டு வந்தேன்.

காரணத்தைப் பின்னர்தான் படித்தறிந்தேன். கம்பியில்லா இணைப்புக்கான 802.11 தரவிதி 1997-இல் வந்தபோது, உச்ச வேகம் வினாடிக்கு 2 மெகாபிட்தான். 2003-க்குள் அது 54 ஆக வளர்ந்தது. காற்றில் செல்லும் செய்தியை எவரும் ஒட்டுக் கேட்கலாம் அல்லவா? ஆகவே செய்தியைப் பூட்டி அனுப்பினர். முதற் பூட்டின் பெயர் 'வெப்'. அதன் சாவியைக் கண்டுபிடிக்கும் வழியை 2001-இல் ஆராய்ச்சியாளர் மூவர் வெளியிட்டனர். அதற்காக விற்ற கருவிகளையெல்லாம் வீசிவிட முடியுமா? அவற்றிலேயே இயங்கும்படி 'டி.கே.ஐ.பி.' என்ற இடைக்காலப் பூட்டைச் செய்தனர். 2004-இல் 'ஏ.இ.எஸ்.' என்ற உறுதியான பூட்டு தரவிதியில் சேர்ந்தது.

2009-இல் வந்த '802.11 என்' தரவிதி, வேகத்தை 600 வரை உயர்த்தியது. ஆனால் ஒரு நிபந்தனை: முந்தைய இரு பூட்டுகளில் எதைப் போட்டாலும் புதிய வேகங்கள் கிடையா, பழைய 54-உடன் நின்றுவிட வேண்டும். 'வேகம் வேண்டுமானால் நல்ல பூட்டைப் போடு' என்பதே இதன் பொருள்.

பழைய ரௌட்டரில் இருந்த டி.கே.ஐ.பி.யைப் பழக்கத்தால் புதியதிலும் வைத்தவன் நானேதான்! ஏ.இ.எஸ். என்று மாற்றினேன், திரையில் 300 தோன்றியது. மறுநாளே கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டார்; எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

நண்பர்களே! தூரத்தாலும் சுவர்களாலும் வேகம் குறைவது இயல்பு. ஆனால் ரௌட்டரின் அருகிலேயே அமர்ந்தும் 54-ஐத் தாண்டவில்லையா? பிறரைப் பழிக்குமுன் உங்கள் பூட்டைப் பாருங்கள்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்