சில்லறையின் வலிமை

உண்ணாமலும் உடுக்காமலும் பொருளைப் பூட்டி வைப்பதே சிக்கனம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது கருமித்தனம். தேவைக்குத் தயங்காது செலவிட்டு, தேவையற்றதைத் தவிர்ப்பதையே நான் சிக்கனம் என்பேன்.

மாணவ நண்பர்களே! ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கல்லூரி மாணவர் ஒருவர் நாள்தோறும் 20 ரூபாய்க்குத் தண்ணீர்ப் பாட்டில் வாங்குகிறார். வீட்டிலிருந்தே நீர் கொண்டு சென்றால், மாதத்தில் 25 நாளுக்கு 500 ரூபாய் மிஞ்சும். 10 மாதத்தில் 5,000 ரூபாய். தேர்வுக் கட்டணம் செலுத்தும் வேளையில் அத்தொகை கையில் இல்லையேல், கடன் வாங்க நேரும். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால், 5,000 ரூபாய்க்கு 10 மாத வட்டி மட்டும் 2,500 ரூபாய்! ஆகவே சேமித்தவர் தம் பணத்தை மட்டுமன்று, கொடுக்க நேர்ந்திருக்கும் வட்டியையும் காத்துக்கொள்கிறார். சிக்கனத்தின் தலையாய பயன் இதுவே எனக் கருதுகிறேன்.

வீட்டு விளக்கிலும் இக்கணக்கு உண்டு. 60 வாட் இழைவிளக்கின் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கே தருகிறது. நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், ஆண்டில் ஏறத்தாழ 93 யூனிட் மின்சாரம் மிஞ்சும்.

மிஞ்சியது சட்டைப் பையில் இருந்தால் கரைந்துவிடும். அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குத் தொடங்க முதல் மாதம் மிஞ்சிய அந்த 500 ரூபாயே போதும். 10 வயது நிரம்பியவர் தம் பெயரிலேயே தொடங்கலாம். இன்று காத்த சில்லறை, நாளை பிறர் வாயிலில் நிற்காமல் நம்மைக் காக்கும்.