எழுதலாமா, சார்?

சுபாங் தளத்தில் இறங்கும் ராணுவ விமானத்தின் சத்தத்தை வைத்தே அது எந்த விமானம் என்று சொல்லிவிடுவேன். சி-130 மலேசியாவுக்கு வந்தது 1976ல்; என் காதுக்கு அது பழைய நண்பன். 2015ல் வந்து சேர்ந்த ஏ400எம் முழங்கினால் சத்தம் அடிவயிற்றில் கேட்கும். ஷா ஆலமில் வீடு வாங்கும்போது மற்றவர்கள் இந்த இரைச்சலைக் குறையாகச் சொன்னார்கள். நான் அதற்காகவே வாங்கினேன்.

எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே கிறுக்கு. எஸ்.பி.எம். பரீட்சை முடித்துவிட்டான். விமானப்படையில் விமானியாகச் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். போன மாதம் ஒரு மாலை, அவனும் அவன் அம்மாவும் கையில் விண்ணப்பப் பாரத்தோடு வந்தார்கள். மருத்துவ வரலாற்றுப் பாரம். எந்த நாட்டு விமானப்படையானாலும் அதில் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: இழுப்பு உண்டா, வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டு நினைவு தப்பியதா, கண்ணில் ஆப்பரேஷன் செய்ததா, மனநலத்துக்கு மருந்து எடுத்ததா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

"சின்னப் பிள்ளையில இழுப்பு இருந்துச்சு சார். கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடுவோம், மூச்சுக்கு கேஸ் வைப்பாங்க. இப்ப ஒண்ணுமே இல்ல. பந்து விளையாடுறான், ஓடுறான். இதுல இல்லைன்னே போட்டுடலாமா? எழுதுனா வெட்டிடுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எழுதலாமா, சார்?"

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நாற்பது வருடத்துக்கு முன் நானே ஒரு 'இல்லை' போட்டவன்.

ஷா ஆலம் 1978 டிசம்பர் 7ல் சிலாங்கூரின் தலைநகராக ஆனபோதும் சுற்றிலும் தோட்டங்கள்தாம். செக்‌ஷன் 7ல் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு இன்றைக்கும் மிட்லண்ட்ஸ் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி என்றுதான் பெயர். தோட்டம் போய்விட்டது, பெயர் நிற்கிறது. நான் வளர்ந்தது இன்னொரு செம்பனைத் தோட்டம். பள்ளி விட்டதும் அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போவேன். தங்கை கூடை நிரப்பிவிடுவாள், என் கூடை பாதியில் நிற்கும். புல்லுக்கு நடுவே கிடக்கும் செம்பழம் என் கண்ணில் படாது. "கண்ணை எங்கடா வச்சிருக்க?" என்று அம்மா திட்டுவார். சோம்பேறி என்றே நானும் என்னை நினைத்துக்கொண்டேன். சிவப்பும் பச்சையும் என் கண்ணுக்கு ஒன்றோடொன்று கலந்துபோகிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரசர் இருந்தார். காய்ச்சல், கட்டி, பாம்புக்கடி, பிரசவம் எல்லாம் அவர் கை வழியாகத்தான். பெயர், வயது, கொடுத்த மருந்து என்று நோட்டில் ஒரு வரி எழுதுவார். அந்த நோட்டு தோட்டத்து வாசலைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்ததும் வலிப்பு வந்ததும் அவர் நினைவிலும் தாயின் நினைவிலும் இருந்ததோடு சரி. அந்தக் காலத்தில் மருத்துவ வரலாறு என்பது சொல்கிறவன் வாயில் வந்ததுதான். மறைப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவைப்படவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஐந்தாம் படிவம் படிக்கும்போது பள்ளிக்கு வந்த ஒரு கண் பரிசோதனையில்தான் என் குறை எனக்குத் தெரிந்தது. வீட்டில் சொல்லவில்லை. 1958ல் ஒரேயொரு ட்வின் பயனியர் விமானத்தோடு தொடங்கிய நம் விமானப்படையை, 1967 முதல் நம் நாட்டு விமானியான சுலைமான் சுஜாக்கே தலைமையேற்று நடத்தினார் என்று வகுப்பில் கேட்டதிலிருந்து எனக்கும் விமானியாகும் கனவு. 1981ல் தேர்வுக்குப் போனேன். நிறக்குறைபாடு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். பஸ்ஸில் கூட வந்த பையன் ஒருவன் எனக்கு ஒரு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தான்: 12, 8, 6, 29, 57. நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய விடை அது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

முதல் பக்கம் 12. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. அப்புறம் மருத்துவர் பக்கங்களைத் தள்ளி நடுவில் ஒன்றைத் திறந்தார். நான் "8" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "தம்பி, உன் ஜோடி விமானம் சிவப்பு விளக்குப் போட்டு வருதா பச்சை விளக்குப் போட்டு வருதான்னு ராத்திரியில உனக்கு யாரு வந்து சொல்லுவா?" என்றார். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. எதிரே வருகிறதா விலகிப் போகிறதா என்று இருட்டில் காட்டிக்கொடுப்பது அந்த இரண்டு நிறமும்தான் என்பதை அன்றுதான் கற்றேன்.

அந்தப் புத்தகத்தைச் செய்தவர் ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் மருத்துவர். படைக்கு ஆள் எடுக்கும்போது சோதிக்கவென்றே உருவாக்கி 1917ல் வெளியிட்டார். ஏறக்குறைய நூறு வருடம் உலகமே அதை நம்பியிருந்தது. என்னைப்போல் மனப்பாடம் செய்து போனவர்களும் நூறு வருடமாக இருந்திருப்பார்கள். இன்று சில படைகள் கணினித் திரையில் சோதிக்கின்றன. அமெரிக்க விமானப்படை 2011 வாக்கில் அதற்கு மாறியது. எழுத்து எந்த வரிசையில் வரும் என்று யாருக்கும் தெரியாது, வாய்ப்பாடு செல்லாது. அதோடு, குறை உண்டா இல்லையா என்பதோடு நிற்காமல் எவ்வளவு குறை என்பதையும் அது அளந்து சொல்கிறது. இதே போன்ற ஒரு சோதனையை வைத்து, குறை லேசாக உள்ள குடிமை விமானிகளைப் பிரிட்டன் இன்று தகுதியானவர்கள் என்று ஏற்கிறது. போர்விமானத்துக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைக்காது. ஆனாலும் 1981ல் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு விடை. இன்றைய பையனுக்குத் தன் குறைக்கு ஓர் அளவாவது கிடைக்கும்.

மருத்துவர் சொன்னதே கடைசி என்று அன்றும் எல்லாரும் விட்டுவிடவில்லை. கல்கத்தாவில் 1898ல் பிறந்த இந்திரலால் ராய், முதல் உலகப் போரில் பிரிட்டனின் பறக்கும் படையில் சேரப் போனபோது பார்வைக் குறை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் தம் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். முடிவு மாறியது. பிறகு விபத்தில் அடிபட்டுத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டும் போராடித் திரும்பினார். 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து வெற்றிகள். அதே மாதம் 22ஆம் தேதி வானிலேயே உயிர்விட்டார், இருபது வயது நிரம்பவில்லை. அவர் கதையில் எனக்குப் பிடித்தது வீரம் மட்டுமல்ல. மறைத்து உள்ளே நுழையாமல், "இன்னொரு முறை பாருங்கள்" என்று கேட்டாரே, அதுதான்.

அந்தக் காலத்தில் ஒரு விமானியின் உடலைச் சோதித்தது எப்படி? பாதரசக் குழாயில் ஊதி, நாற்பது மில்லிமீட்டர் உயரத்தில் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடித்து நிறுத்துகிறான் என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் கடிகாரம் பார்த்தார்கள். நாற்காலியில் வைத்துச் சுற்றிவிட்டுக் கண் எப்படி ஆடுகிறது என்று கவனித்தார்கள். உடலை அன்றைக்கு அன்று பார்த்தார்கள். அதற்கு முன் அந்த உடலுக்கு நடந்ததை அறிய வழியில்லை.

இன்று வழி இருக்கிறது. இந்த நாட்டில் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறை இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். அந்தக் குறை உள்ளவனுக்குச் சில மலேரியா மருந்துகள் ஆபத்து, காட்டுக்கு அனுப்பும் படைக்கு அது முக்கியம். 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா சோதனை நடக்கிறது. எல்லா ஆஸ்பத்திரிகளின் ஏடுகளும் இன்னும் ஒரே இடத்தில் சேரவில்லை. அந்த நாள் தூரத்திலும் இல்லை. அமெரிக்காவில் 2022ல் படைக்கு ஆள் எடுக்கும் நிலையங்களில் புது மின்னேட்டு முறை வந்தது. வெளியே எந்தக் கிளினிக்கில் எந்த மாத்திரை வாங்கினான் என்பதுகூடத் திரையில் தெரிய, 'இல்லை' என்று எழுதிய பிள்ளைகள் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். சிறு வயதில் ஒரு தடவை வாங்கிய இழுப்பு மருந்துக்கும் விளக்கம் எழுதி ஆளெடுப்பு மாதக்கணக்கில் இழுத்ததும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பையனின் அம்மாவுக்கு நான் முதலில் விளக்கியது, அவர்கள் ஏன் இழுப்பைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதை. போர்விமானம் கூர்மையாகத் திரும்பும்போது 9 ஜி விசை அழுத்தினால் 70 கிலோ ஆளின் உடம்பு 630 கிலோவாகக் கனக்கும். நுரையீரலின் அடிப்பகுதி நசுங்கும். முகமூடி வழியே வரும் ஆக்சிஜன் வறண்டது. இவ்வளவுக்கும் நடுவில் மூச்சுக்குழாய் இறுகினால், பக்கத்தில் நிறுத்தி இன்ஹேலர் அடிக்க இடம் கிடையாது. அதற்காகச் சிறு வயது இழுப்பு எல்லாமே கதவை மூடிவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் பதின்மூன்றாம் பிறந்த நாளுக்குப் பிறகும் இருந்ததா என்பதுதான் கோடு. இந்தியாவில் இன்னும் கண்டிப்பு. அந்தந்தப் படை தன் கோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது, அதுவும் அடிக்கடி மாறுகிறது.

மாறும் என்பதைக் கண் விஷயத்தில் பார்த்தோமே. கண்ணாடி போட்டவன் விமானி ஆக முடியாது என்று கேட்டே வளர்ந்தோம். இன்று லேசர் சிகிச்சையைப் பல நாட்டுப் படைகள் ஏற்கின்றன. இந்திய விமானப்படையின் விதியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த ஒரு வரி உண்டு. இருபது வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து பன்னிரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பதோடு, எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாளில் எந்த வகைச் சிகிச்சை என்ற சான்றும் வேண்டும். சான்று இல்லையென்றால், பதிவில்லாத பார்வைத் திருத்தச் சிகிச்சை என்று காரணம் எழுதி நிராகரிப்பார்கள். கண் நன்றாக இருந்தாலும் கடுதாசி இல்லாமல் தோற்கலாம். கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுக்கும் கருவி வந்துவிட்டதால் சிகிச்சையை ஒளிக்கவும் முடியாது. அன்று நாம் பயந்து கிழித்துப்போட்ட காகிதம் இன்று உள்ளே அழைத்துப்போகும் காகிதமாக ஆகியிருக்கிறது.

படைகளின் பக்கமும் தவறு உண்டு. அரிவாள் அணு ரத்தசோகையின் மரபணுவைச் சுமந்தாலும் நோய் இல்லாத கறுப்பின இளைஞர்களை அமெரிக்க விமானப்படைக் கல்லூரி 1981 வரை வெளியே நிறுத்தியது. எதிர்ப்புக்குப் பிறகுதான் விட்டது. நோய் வேறு, சுமப்பது வேறு. அந்தப் பிள்ளைகள் எதையும் மறைக்கவில்லை, விதிதான் பிழையாக இருந்தது. உண்மை சொன்னவன் அநியாயமாக வெட்டுப்பட்டால் அடுத்தவன் வாய் திறக்க மாட்டான்.

வாய் திறக்காதபோது என்ன ஆகும் என்பதை 2015 மார்ச் 24ல் உலகம் பார்த்தது. ஜெர்மன்விங்ஸ் பயணிகள் விமானத்தைத் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் செத்தார்கள். அவர் வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதிய சான்று, கிழித்த நிலையில் அவர் வீட்டில் கிடந்தது. அதற்கு முன்பே, 2010ல், குறிப்பிட்ட நான்கு மனச்சோர்வு மருந்துகளை எடுத்துக்கொள்ளும் விமானிகள் கண்காணிப்போடு பறக்கலாம் என்று அமெரிக்கக் குடிமை விமானத்துறை வழி திறந்திருந்தது. சொன்னால் வேலை போகும் என்கிற வரை சொல்ல மாட்டார்கள் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. நம் வீடுகளில் இது இன்னும் கடினம். பள்ளி ஆலோசகரிடம் இரண்டு தடவை பேசியதைக்கூடப் பிள்ளையின் எதிர்காலத்துக்குக் கேடு என்று மறைக்கிறோம்.

நம் பிள்ளை ஒருத்தி இந்தச் சோதனைகளிலேயே கடினமான ஒன்றுக்கு நின்றதையும் அந்த அம்மாவுக்கு நினைவுபடுத்தினேன். சுகோய் போர்விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தின் வழியே மலேசியருக்கு விண்வெளி வாய்ப்பு வந்தபோது பத்தாயிரத்துக்கும் மேல் விண்ணப்பம். கடைசி நான்கு பேரில் கோலாலம்பூர்ப் பொறியாளர் வனஜா சிவசுப்பிரமணியமும் ஒருவர். 2006ல் ரஷ்யாவில் அவர்கள் உடம்பை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார்கள். பயிற்சிக்குத் தேர்வானது வேறு இருவர். ஆனாலும் அவ்வளவு தூரம் போனதே அன்று நான் வேலை பார்த்த பள்ளி முழுவதும் பேச்சு.

பையன் அதுவரை வாய் திறக்கவில்லை. "சார், எழுதிட்டு எடுக்காமப் போனா?" என்றான்.

"எடுக்காமப் போகலாம் தம்பி. மறைச்சு உள்ள போயி, பின்னால தெரிஞ்சா பயிற்சியோட நடுவுலயே வெளிய அனுப்பலாம். தெரியாமலே போனா நீயும் பறப்ப, பின்சீட்டுல இன்னொருத்தனும் இருப்பான்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. கிளினிக்கில் பழைய ஏட்டின் நகலும், இப்போது மூச்சுத்திறன் சோதனை செய்து அதன் முடிவும் கேட்டு வாங்குங்கள், அதையும் சேர்த்து வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். வெறும் 'ஆம்' தனியாக நின்றால்தான் பயமாக இருக்கும்.

மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார்கள். அந்த அம்மா கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் பிறப்புச் சான்று, தடுப்பூசிப் புத்தகம், ஓரம் மடங்கிய ஒரு கிளினிக் அட்டை. பையன் என் மேசையில் உட்கார்ந்து 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டான். கீழே விவரம் எழுதும் இடத்தில் 'ஏழு வயது வரை' என்று எழுத ஆரம்பித்தான்.

அம்மா அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏழு இல்லடா. கடைசியா கேஸ் வச்சது ஒம்பது வயசுல. சரியா எழுது."