பலகையும் வரைபடமும்

ரவாங்கில் என் அப்பா தையல் கடை வைத்திருந்தார். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, கடைப் பெயர்ப் பலகை தொடர்பாக அவருக்குக் கடிதம் ஒன்று வந்தது. விடுமுறைக்கு வீடு திரும்பிய என்னிடம் அதை நீட்டி, “தமிழ்ல எழுதக் கூடாதுன்னு சொல்றாங்கம்மா” என்றார். பக்கத்துக் கடை மாமாவும் அப்படித்தான் சொன்னாராம்.

மலாயில் இருந்த அக்கடிதத்தை முழுமையாகப் படித்தேன். தமிழுக்குத் தடை என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பலகைக்கு உரிமம் எடுக்கவில்லை என்பது ஒன்று. தேசிய மொழி எழுத்துகள் தமிழ் எழுத்துகளைவிடச் சிறியவையாக இருக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டும் எங்கள் தவறுகளே. பலகையை மாற்றினோம், தமிழும் அதில் இருந்தது.

ஆனால், அந்தப் பலகையைப் பற்றி எங்கள் தாமானே பேசிக்கொண்டிருந்த நாள்களில்தான், எங்கள் வட்டாரத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வரிசையிலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி நிலம் வணிக நிலமாகக் குறிக்கப்பட்டிருந்தது, அங்கே கடை வரிசை எழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதில் எது பெரியது, எது சிறியது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

முடிவு செய்பவர் யார்?

சில நாடுகளில் நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கத் தனி ஆணையம் இருக்கும். தீபகற்ப மலேசியாவில் அப்பொறுப்பு பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தையே சாரும். ரவாங்கிற்கு அது செலாயாங் நகராண்மைக் கழகம். அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) அவற்றை முடிவுக்குக் கொண்டுவந்தது. உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் ஆட்சேப மனுதான் நம் குரல்.

பலகை என்பது உரிமம் சார்ந்தது. சட்டம் 171இன் 107ஆம் பிரிவுப்படி, ஊராட்சி மன்றம் தான் வழங்கிய உரிமத்தைக் காரணம் கூறாமலே மீட்டுக்கொள்ளலாம். எனவே விதியை அறிந்து நடப்பதே அறிவுடைமை. தேசிய மொழி முதன்மையாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். தமிழைச் சேர்த்து எழுதலாம். மலாய் வாசகத்தை டேவான் பகாசா டான் புஸ்தாக்காவிடம் சரிபார்த்துக்கொண்டால் பிற்பாடு தொல்லை இல்லை.

நிலத்தின் கதை வேறு

ரவாங் ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். 1894இல் தம்புசாமி பிள்ளையும் லோக் யூவும் தங்கள் சுரங்கத்திற்கு மின்சாரம் கொண்டுவந்தது இங்கேதான். பிறகு ரப்பர் தோட்டங்கள், சிமெண்டு ஆலை, இன்று தாமான்கள். ஒரே மண் எத்தனை முறை பயன்பாடு மாறியிருக்கிறது! அந்த மாற்றத்தை இன்று ஆள்வது 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172). எந்த நிலம் எதற்கு என்பதை “ரன்சாஙான் தெம்பாத்தான்” எனப்படும் உள்ளூர்த் திட்டம் வரையறுக்கிறது. கட்டவோ பயன்பாட்டை மாற்றவோ “கெபெனாரான் மெரன்சாங்”, அதாவது திட்ட அனுமதி, வேண்டும்.

நண்பர்களே, இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் விண்ணப்பம் செய்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒட்டிய நிலமும், 20 மீட்டருக்கு மேற்படாத சாலை அல்லது கால்வாய்க்கு அப்பாலுள்ள நிலமும் அண்டை நிலங்களே. இப்படி ஆட்சேபித்தவர்தான் பின்னர் மேல்முறையீட்டு வாரியத்தை நாட முடியும். வாய் மூடியிருந்தவருக்கு அந்தக் கதவும் இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கோ இந்த அறிவிப்பே வராது.

உள்ளூர்த் திட்டம் நடப்பில் உள்ள பகுதியில் இந்த 21ஆம் பிரிவு அறிவிப்பு கட்டாயமில்லை. காரணம், திட்டத்தின் வரைவு காட்சிக்கு வைக்கப்படும்போதே பொதுமக்களுக்குப் பேச வாய்ப்பளிக்கப்பட்டுவிட்டது என்று சட்டம் கருதுகிறது. நான்கு வாரத்திற்குக் குறையாத அந்தக் காலத்தில் வாடகைக்காரரும் ஆட்சேபிக்கலாம். நாங்கள் தவறவிட்டது அந்த வாரங்களைத்தான்.

ஒரு வழக்கு

கோலாலம்பூருக்குச் சட்டம் 172 அன்று, 1982ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டமே (சட்டம் 267) பொருந்தும். அங்கே தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி வழங்கப்பட்டது. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்து, 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அனுமதி வழங்குமுன் ஆட்சேபிப்போரைக் கேட்க வேண்டும், முடிவுக்குக் காரணம் கூற வேண்டும் என்பவை அவ்வழக்கு நமக்குத் தரும் பாடங்கள்.

இவ்வழக்கில் நமக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த இடத்தருகே நீண்ட வீடுகளில், முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1980களிலிருந்து நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. ரத்தான அதே திட்டத்தில்தான் அவர்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. பூங்காவைக் காத்தவர்களின் வாதம் சரி. வீட்டுக்காகக் காத்திருந்தவர்களின் ஏக்கமும் சரி. ஒரே வரைபடத்தில் இருவரும் இருந்தார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய காலத்திலேயே அவர்களுக்கென ஓர் இடம் வரைபடத்தில் உறுதியாகியிருந்தால், அவர்கள் அடுத்தவர் திட்டத்தை நம்பி நின்றிருக்க வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்கு ஒரு முறை சென்று வாருங்கள். எங்கள் தாமான் வரைபடத்தில் என்னவாகக் குறிக்கப்பட்டுள்ளது? அருகிலுள்ள காலி நிலம் எதற்காக? கோயில், தமிழ்ப்பள்ளி நிற்கும் நிலம் எந்தப் பயன்பாட்டில் உள்ளது? இந்த மூன்று கேள்விகள் போதும். பதிலை வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். நாம் பெற்ற கல்வி, மலாயில் வரும் ஒரு கடிதத்தைக் கண்டு அப்பா பயப்படாமல் இருக்கவாவது உதவ வேண்டும்.

அப்பாவின் பலகையை ஒரு வாரத்தில் மாற்றிவிட்டோம். பின்னால் எழுந்த கடை வரிசையை மாற்ற முடியவில்லை.