இரு கம்பிகளின் சம்பாஷணை

அறுகம்பேயிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று வழியாகக் கல்முனை வரை கடலோரமாக ஓடும் வாகனங்களுக்கு உப்புக்காற்று ஓயாத விரோதி. அது வெளித்தகட்டை அரிப்பதை எல்லோரும் காண்கிறோம், ஆனால் வயரிங் இணைப்புகளின் உள்ளே புகுந்து உலோக முனைகளில் களிம்பேற்றிச் செய்யும் நாசத்தைக் காண்பவர், கராஜில் குனிந்து வேலைசெய்பவர் மட்டுமே.

இக்காலத்துக் காரில் எஞ்சினையும் பிரேக்கையும் ஆளும் சிறு கணினிகள், முறுக்கிய இரண்டே கம்பிகளின் வழியாகத் தம்முள் சம்பாஷிக்கின்றன. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983இல் தொடங்கி, 1986இல் டெட்ராய்ட் நகரில் உலகுக்கு அறிவித்த இம்முறைக்குக் கேன் என்று பெயர். மௌனத்தில் இரு கம்பிகளிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் நிற்கும். பேச்சு எழுந்ததும் ஒன்று 3.5க்கு உயர, மற்றது 1.5க்குத் தாழும். வெளியிலிருந்து புகும் இரைச்சல் இரண்டையும் ஏறக்குறைய ஒருங்கே பாதிப்பதாலும், கேட்கும் பக்கம் அவற்றின் வித்தியாசத்தை மட்டுமே கவனிப்பதாலும், அந்த இரைச்சல் பெரும்பாலும் கழிந்துபோகிறது. கம்பியில் இவ்வாறு பேசவும் கேட்கவும் செய்யும் சில்லுத்தான் டிரான்சீவர்.

அதைத் தனியே மேசைமேல் வைத்துப் பரிசோதிக்க முயல்வோர் ஏமாறுவது சகஜம். ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும், பிழையின்றிக் கிடைத்ததென்று வேறொரு கணினி ஒப்புதல் தருவதற்கு ஓர் இடம் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. அவ்வொப்புதல் வாராவிடில், அனுப்பிய கணினி யாதொரு குறையும் இல்லாததாயினும், அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டேயிருக்கும். ஆகவே சோதனைக்கு இருவராவது வேண்டும். இருவரும் ஒரே வேகத்தில் பேசவும் வேண்டும்.

"பெட்டியக் கழட்டாதங்க மகன், முதல்ல வயரப் பாருங்க" என்று மூத்த மெக்கானிக் சொல்லும் புத்திமதியை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பழுதற்ற கணினியைப் பழுதென்று மாற்றுவது ஏழைச் சாரதியின் பல மாதச் சம்பாத்தியத்தை அநாவசியமாகக் கரைப்பதாகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கின் கீழுள்ள ஸ்கேன் சொக்கெட்டில் 6ஆம் 14ஆம் துளைகளுக்கிடையே மீட்டரைப் பிடித்தால், பெரும்பாலான கார்களில் 60 ஓம் காட்டவேண்டும். ஏனெனில் கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் தடைகள் இணையாக நிற்கின்றன. 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூச்சியத்தை நெருங்கினால் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன.

அறுபதே காட்டியும் கோளாறு தீராவிட்டால், பேட்டரியைப் பூட்டி, வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டும் ஒசிலஸ்கோப்பைப் பார்த்தபடியே வயர்க்கட்டை ஒவ்வோரிடமாக நிதானமாய் அசைக்கவேண்டும். ஓட்டத்தின் அதிர்வில் மாத்திரம் விட்டுவிடும் களிம்பேறிய முனை, அப்பொழுதுதான் அகப்படும்.