பனி விழாத மலையின் சேமிப்பு

மார்கழி விடியலில் அண்ணாமலையில் கிரிவலம் வருபவர்கள் காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு "என்னா பனி!" என்பார்கள். நம்மூர்ப் பனி அவ்வளவுதான், எட்டு மணி வெயிலுக்கு நிற்காது. இமயமலையில் விழும் வெண்பனி வேறு. மார்கழியிலும் தையிலும் விழுந்தது சித்திரை, வைகாசியில் உருகி ஆற்றுக்கு வருகிறது. குளிர்காலத் தண்ணீரைக் கோடைக்கு எடுத்து வைக்கும் கிடங்கு அது.

அந்தக் கிடங்கில் மரத்தின் கணக்கு கொஞ்சம் குழப்பமானது. தேவதாருக் கிளைகள் பனியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். அதில் கொஞ்சம் தரையைத் தொடாமலே ஆவியாகிவிடும். அதனால் காட்டுக்குள் பெரும்பாலும் பனி குறைவாகத்தான் குவியும். ஆனால் நிழல் இருப்பதால் பல இடங்களில் மெதுவாக உருகும். குளிர் அவ்வளவு கடுமையில்லாத மலைகளிலோ, மரங்களே வெப்பத்தை வீசிச் சீக்கிரம் கரைத்துவிடுவதும் உண்டு.

814 மீட்டர் உயர அண்ணாமலைக்கு இந்த வசதி இல்லை. பாறைமேல் படிந்த மெல்லிய மண்தான் இதன் கிடங்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். ஐப்பசியில் ஒரே மூச்சில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 50 லிட்டர். மொட்டைச் சரிவில் அது மண்ணையும் அள்ளிக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடிவிடும்.

ரமணர் 1916 முதல் 1922 வரை தங்கியிருந்த கந்தாசிரமத்துக்குப் போகும் பாதையில், மழை விட்ட மறுநாள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சருகை விலக்கிப் பாருங்கள். மேலே முறுகிய இலை, அதற்குக் கீழே கறுத்து மட்கியது, ஊடே வெள்ளை நூலாகப் பூஞ்சை. விரலை விட்டால் சில்லென்று ஈரம். பத்தடி தள்ளி வெட்டவெளியில் மண் ஓடு கட்டிக் கிடக்கும். அங்கே விரல் இறங்காது, தண்ணீரும் அப்படித்தான்.

மரமும் தண்ணீர் குடிக்கும் என்பதால், நட்ட மறுவருஷமே சுனை பெருகும் என்று சொல்லமாட்டேன். காடு எதையும் தாங்கிவிடும் என்றும் சொல்லமாட்டேன். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலை சரிந்து அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். ஊறி நிறைந்த மண்ணை வேர் பிடித்து நிறுத்துவதற்கும் ஓர் அளவு உண்டு.

1980களின் கடைசியிலிருந்து இந்த மலையில் மரம் நட்டு வருகிறார்கள். நட்டதைவிடக் காப்பதுதான் பெரும்பாடு. கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் கன்றோடு சருகும் போய்விடும், அடுத்த ஐப்பசிக்கு மண் மறுபடி மொட்டை. அதனால் வெயில் ஏறுவதற்கு முன்பே அரிவாளோடு மேலே ஏறி, தீ தாண்டாதபடி சரிவில் பட்டை பட்டையாகப் புல்லை அறுத்து வைக்கிறார்கள்.